பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை: காலையில் மட்டும் காலை வாரும் கார் ப்ளூடூத்

தாம்பரம் பயணி – திங்கள், இரவு 9:15

வணக்கம். பத்து நாளாக மண்டை காய்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 2016 மாடல் ஹேட்ச்பேக், அப்பா ஓட்டிக்கொண்டிருந்தது. கம்பெனியிலேயே வந்த ஸ்டீரியோ, எதையும் மாற்றவில்லை. செப்டம்பரில் புது போன் வாங்கினேன், அதுவும் காரோடு ஒழுங்காகத்தான் சேர்ந்தது. தீபாவளி லீவு முடிந்து ஆபீஸ் போக ஆரம்பித்ததிலிருந்து கூத்து. பாட்டு பிரமாதமாக வருகிறது. கால் வந்தால் ஸ்பீக்கரில் மணி அடிக்கிறது, திரையில் பெயரும் வருகிறது. எடுத்தவுடன் ஊமை. எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. எதிரில் இருப்பவருக்கு என் குரல் எங்கேயோ கேட்கிறதாம். "கிணத்துக்குள்ள உக்காந்து பேசறியா?" என்று டீம் லீட் கேட்டுவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், இது காலையில் மட்டும்தான். ஏழே முக்காலுக்குக் கிளம்பி வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகச் சிறுசேரி போகிறேன். போகும் வழியெல்லாம் இந்தத் தொல்லை. சாயங்காலம் அதே வண்டி, அதே போன், அதே சாலை, கேளம்பாக்கத்தில் ஆரம்பித்தால் வீடு வரும்வரை அம்மாவோடு பேசிக்கொண்டே வருகிறேன். ஒரு குறையும் இல்லை.

சர்வீஸ் சென்டரில் காட்டினேன். சாயங்காலம் போனதால் எல்லாம் நன்றாக வேலை செய்தது. இருந்தாலும் "ஸ்டீரியோ வயசாயிடுச்சு சார், மாத்திடுங்க, 18,000 ஆகும்" என்றார்கள். மாற்றித்தான் ஆகவேண்டுமா?

பழைய டீசல் – திங்கள், இரவு 9:32

காசைக் கொட்டாதீங்க தம்பி. பானெட்டைத் திறந்து பேட்டரி மைனஸ் டெர்மினலைக் கழற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மாட்டுங்கள். என் வண்டியில் எதற்கும் முதல் மருந்து இதுதான். தலைவலிக்குத் தைலம் மாதிரி.

சர்க்யூட் – திங்கள், இரவு 10:05

டீசல் அண்ணே, தைலம் நல்லதுதான். வலி தலையிலா வயிற்றிலா என்று பார்த்துவிட்டுத் தடவலாமே. அந்தக் காலத்து ஸ்டீரியோக்களில் சிலது பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ரகசிய எண் கேட்கும். அந்த அட்டை வண்டி வாங்கிய ஃபைலில் இருக்கும். இல்லையென்றால் இப்போது வருகிற பாட்டும் போய்விடும். முதலில் அட்டை இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள்.

நான் ரிச்சி தெருவில் ஸ்டீரியோ ரிப்பேர் பார்க்கிறவன். எங்களிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் "ப்ளூடூத் வேலை செய்யல" என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். ப்ளூடூத் ஒரு கம்பி இல்லை, ஒரே நேரத்தில் ஓடும் நாலைந்து தனித்தனி வேலை. பாட்டுக்கு ஏ2டிபி. அழைப்புக்கு எச்எஃப்பி, அதாவது ஹேண்ட்ஸ்ஃப்ரீ. பெயர்ப் பட்டியலுக்கு பிபிஏபி. அடுத்த பாட்டு, முந்தைய பாட்டு பொத்தானுக்கு ஏவிஆர்சிபி. ஒரே வீட்டில் தண்ணீர் வரும், கரண்ட் வராது என்கிற மாதிரி, ஒன்று ஓடும், இன்னொன்று படுத்துக்கொள்ளும்.

உங்கள் கதையைப் பாருங்கள். பாட்டு வருகிறது, அப்படியானால் ரேடியோவும் ஸ்பீக்கரும் நலம். மணி அடிக்கிறது, பெயர் வருகிறது, அப்படியானால் ஹேண்ட்ஸ்ஃப்ரீயும் இணைந்துதான் இருக்கிறது. பேச்சுக் குரலுக்கு மட்டும் தனியாக ஒரு பாதை உண்டு. அழைப்பை எடுத்த பிறகுதான் அதைத் திறப்பார்கள், வைத்தவுடன் மூடிவிடுவார்கள். அந்தப் பாதை உங்கள் காருக்குத் திறக்கவில்லை. ஸ்டீரியோ செத்திருந்தால் சாயங்காலம் மட்டும் உயிர் வருமா? 18,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள்.

ஒருதரம் சுத்தமாக அழித்துச் சேருங்கள். போனிலிருந்து காரை நீக்குங்கள், காரிலிருந்தும் போனை நீக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் மற்ற பக்கம் பழைய சாவியை வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பிறகு புதிதாகச் சேர்க்கும்போது போன் "தொடர்புகளை அனுமதிக்கலாமா" என்று கேட்கும், அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிடாதீர்கள். சேர்ந்த பிறகு கார் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரப் படத்தைத் தட்டிப் பாருங்கள். அழைப்புக்கு ஒரு ஸ்விட்ச், பாட்டுக்கு ஒரு ஸ்விட்ச் தனித்தனியாக இருக்கும். இரண்டும் ஆனில் இருக்க வேண்டும்.

மேடவாக்கம் ஜங்ஷன் – செவ்வாய், காலை 7:10

இது டவர் பிரச்சினை ப்ரோ. கண்டிகை தாண்டினால் இரண்டு பக்கமும் காடு, சிக்னல் எப்படி வரும்? எனக்குக் கத்திப்பாரா பாலத்தில் ஏறினாலே தினமும் கட் ஆகிறது.

சர்க்யூட் – செவ்வாய், காலை 7:48

டவர் என்றால் கால் கட் ஆகும். அவருக்குக் கட் ஆகவில்லை, குரல் காணாமல் போகிறது. அதுவும் அதே காடு சாயங்காலமும் அங்கேயேதான் இருக்கிறது.

போனுக்கும் காருக்கும் நடுவில் நடப்பது வேறு ரேடியோ. 2.4 கிகாஹெர்ட்ஸில் 79 சேனல், நொடிக்கு 1600 தடவை தாவிக்கொண்டே இருக்கும். போகும் தூரம் உங்கள் மடியிலிருந்து டேஷ்போர்டு வரை. அதற்குக் கண்டிகையும் தெரியாது, கத்திப்பாராவும் தெரியாது. உங்களுக்குப் பாலத்தில் கட் ஆவது நிஜமாகவே நெட்வொர்க்காக இருக்கலாம். அடுத்த தடவை போனைக் காரோடு சேர்க்காமல், பக்கத்தில் இருப்பவரைப் பேசச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் கட் ஆனால் கார் நிரபராதி.

ஸ்கூல் டிராப் – செவ்வாய், காலை 10:20

இழைக்குள் இழை போடுகிறேன், மன்னிக்கவும். எனக்கு நேர் எதிர். எல்லோர் குரலும் எனக்குக் கணீரென்று கேட்கிறது. நான் பேசுவதுதான் யாருக்கும் கேட்பதில்லை. காலை, மாலை வித்தியாசமெல்லாம் இல்லை, ஒரு மாதமாக எந்த நேரமும் இப்படித்தான். வீட்டுக்காரர் "போர்வைக்குள்ளேருந்து பேசாதே" என்கிறார். பிள்ளைகளைக் கொண்டுவிடப் போகும்போது வேன் அண்ணனிடம் பேசவேண்டியிருக்கும், கத்திக் கத்தித் தொண்டை போகிறது. போன் மாற்றிப் பார்த்தேன், கணவர் போனிலும் அதே கதை. இதற்கும் ஸ்டீரியோவைத்தான் மாற்றச் சொல்வார்களோ?

சர்க்யூட் – செவ்வாய், பகல் 12:40

இரண்டு போனிலும் அதே கதை என்று நீங்களே பார்த்துவிட்டதால் என் வேலை பாதி முடிந்தது மேடம். குற்றவாளி போன் இல்லை, காரின் மைக் பக்கம்தான்.

வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை ஒரு சுற்று மட்டும் திருப்பி, ஏசி ஊதாமல் வீட்டுக்காரருக்கு ஒரு கால் போடுங்கள். மைக் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். சில வண்டிகளில் தலைக்கு மேல் உள்விளக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டையாக இருக்கும். சிலதில் ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டருக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் மூடியின் மேல் இருக்கும். அந்த ஓட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். எதிரில் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு 'கரகர' என்று கேட்டால் மைக் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே கேட்காவிட்டால் ஒயர் அல்லது மைக் போயிருக்கிறது, அதுவும் பெரிய செலவில்லை.

சுரண்டல் கேட்டால், பேசிக்கொண்டே ஏசி காற்றை 1-லிருந்து 4 வரை ஏற்றுங்கள். 3-க்கு மேல் உங்கள் குரல் முங்கினால் காற்று நேரே மைக்கில் அடிக்கிறது. நம்ம ஊரில் ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் ஏசியை உச்சத்தில் வைத்து நடு இறக்கையை மேலே பார்த்துத் திருப்பிவிடுவோம். கூரை மைக் இருக்கிற வண்டி என்றால் அது புயலுக்கு நடுவில் நின்று பேசுவது மாதிரி.

மந்தைவெளிக்காரன் – செவ்வாய், பகல் 1:15

டாக்டர் வந்திருக்கிறார் என்றால் எல்லோரும் கையை நீட்டுவோம் இல்லையா, நானும் நீட்டுகிறேன். போனில் எல்லாப் பெயரையும் தமிழில்தான் வைத்திருக்கிறேன். கார் திரைக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு காலிப் பெட்டி காட்டுகிறது. அம்மா கூப்பிட்டால் ஐந்து பெட்டி. சரி, ஐந்து பெட்டி என்றால் அம்மா என்று பழகிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அப்பாவும் ஐந்து பெட்டி. அண்ணா ஐந்து, அக்கா ஐந்து, தம்பி ஐந்து, தங்கை ஐந்து, அத்தை ஐந்து. சித்தப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கு ஒன்பது. மாமா மட்டும் நாலு. அவரை மட்டும்தான் அடையாளம் தெரிகிறது, அவரோ எனக்குக் கூப்பிடுவதே இல்லை.

சர்க்யூட் – செவ்வாய், பகல் 1:50

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். கணக்கு சரிதான். கம்ப்யூட்டருக்கு 'அம்மா' என்பது அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறியீடு. போன் அதை ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லாததால் ஐந்து காலிக் கட்டம் போடுகிறது. சில கம்பெனி மாடல்களுக்குப் புது மென்பொருள் விடும்போது இந்திய எழுத்துகள் சேர்த்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் அடிக்கடி பேசும் பத்துப் பேர் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றுவதுதான் வழி. எண்ணும் ஆங்கிலமும் அதற்குத் தெரியும்.

தாம்பரம் பயணி – செவ்வாய், இரவு 9:40

சர்க்யூட் சார் சொன்னபடி நேற்று ராத்திரியே பார்க்கிங்கில் உட்கார்ந்து எல்லாம் செய்தேன். காரின் பட்டியலைத் திறந்தால் ஒரு சரித்திரமே இருக்கிறது. அப்பாவின் பழைய போன், அதற்கு முந்தைய போன், அண்ணன் போன், அப்பா எப்போதோ வைத்திருந்த ஆக்டிங் டிரைவர் போன், அப்புறம் நான். அதற்கு மேல் இடமில்லை போலிருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு என் போனை மட்டும் புதிதாகச் சேர்த்தேன். ஸ்விட்ச் இரண்டும் ஆன். அங்கேயே மனைவிக்குக் கால் போட்டேன், தெளிவாகக் கேட்டது. வெற்றி என்று நினைத்துத் தூங்கினேன்.

இன்று காலை பெருங்களத்தூர்கூடத் தாண்டவில்லை, மறுபடியும் ஊமை.

மஞ்சள் போர்டு – செவ்வாய், இரவு 11:55

வணக்கம் சார். நான் ஏர்போர்ட் டிரிப் ஓட்டுகிறவன், இப்போதுதான் இறக்கிவிட்டுத் திரிசூலம் பக்கம் நிற்கிறேன். படித்ததில் ஒரு சந்தேகம். கால் வந்தால் நீங்கள் ஸ்டியரிங் பொத்தானை அமுக்கி எடுக்கிறீர்களா, போனில் விரலால் தள்ளி எடுக்கிறீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால் என்னிடம் இரண்டு போன். ஒன்று டிரிப்புக்கு, ஒன்று வீட்டுக்கு. வீட்டுப் போனில் காதில் மாட்டும் ஹெட்செட்டும் சேர்ந்திருக்கும். கார் பொத்தானில் எடுத்தால் காரில் பேசும். போனைத் தொட்டு எடுத்தால் ஹெட்செட்டுக்குப் போய்விடும். அது பாட்டுக்கு டோர் பாக்கெட்டில் கிடந்து பேசிக்கொண்டிருக்கும். ஒரு தடவை மச்சினிச்சி அரை நிமிடம் டோர் பாக்கெட்டைத் திட்டினாள்.

இன்னொன்று, தப்பாக எடுக்காதீர்கள் சார். ஓடும்போது போனைத் தொடாதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில் கையில் போனை வைத்துப் பேசி ஆபத்தாக ஓட்டினால் முதல் தடவையே 1,000 முதல் 5,000 வரை அபராதம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, இல்லை இரண்டும் என்று இருக்கிறது. வழி பார்க்க மட்டும் போன் வைத்துக்கொள்ளலாம், அதுவும் கவனம் சிதறாமல் என்று 2020-இல் விதி வந்தது. எங்கள் ஸ்டாண்டில் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள், கட்டியவர்கள் நிறைய.

தாம்பரம் பயணி – புதன், காலை 9:25

ஆபீஸ் பார்க்கிங்கிலிருந்து எழுதுகிறேன். போர்டு அண்ணே, நீங்கள் எங்கேயோ போய்விட்டீர்கள்!

போன் ஹோல்டரில் கண் எதிரே இருப்பதால் விரலால் தள்ளி எடுப்பதுதான் என் பழக்கம். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். இன்று கொளப்பாக்கம் பக்கம் ஓரமாக நிறுத்தி மனைவியைக் கூப்பிடச் சொன்னேன். ஸ்டியரிங் பொத்தானில் எடுத்தேன், காரில் கணீரென்று கேட்டது. வைத்துவிட்டு மறுபடி கூப்பிடச் சொன்னேன். போனில் தள்ளி எடுத்தேன், ஊமை. மூன்று மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

ஆனால் என்னிடம் ஹெட்செட்டே கிடையாதே?

சர்க்யூட் – புதன், காலை 9:50

பிடித்தாயிற்று. கார் எடுத்தால் குரல் காருக்கு, போன் எடுத்தால் குரல் வேறு யாருக்கோ. அந்த 'யாரோ' யார் என்பதுதான் பாக்கி. போனில் ப்ளூடூத் பக்கத்தைத் திறந்து, காரைத் தவிர இப்போது என்னென்ன இணைந்திருக்கிறது என்று அப்படியே எழுதுங்கள். காதுக்கருவி, வீட்டு ஸ்பீக்கர், வாட்ச் எதையும் விடாதீர்கள்.

தாம்பரம் பயணி – புதன், இரவு 8:30

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மதியம் நீங்கள் கேட்டதைப் பார்த்தேன். கார், வாட்ச். அவ்வளவுதான். வாட்ச் எனக்குத் தலை தீபாவளிக்கு மாமனார் போட்டது. நேரம் பார்க்க, நடை எண்ண. இதற்கும் காருக்கும் என்ன என்று நினைத்துத்தான் ஆரம்பத்தில் அதைப் பற்றி எழுதவே இல்லை.

சாயங்காலம் மனைவியைப் பல்லாவரத்தில் ஏற்றிக்கொண்டேன். வண்டியை நிறுத்தி, வாட்சை அணைத்துத் திரும்ப ஆன் செய்து, அம்மாவுக்குப் போனிலிருந்து கால் போட்டேன். ஊமை. நான் வழக்கம்போல "ஹலோ, ஹலோ" என்கிறேன். மனைவி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். ஏசியை அணைத்தாள். என் இடது கையைப் பிடித்துச் சட்டையின் கைப்பட்டியை மேலே தள்ளினாள். உள்ளே இருந்து கொசு மாதிரி ஒரு குரல், "டேய், கேக்குதாடா? சாப்ட்டியாடா?" என்கிறது. பத்து நாளாக அம்மாவும் டீம் லீடும் என் சட்டைக் கைக்குள் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கால் வரும்போதெல்லாம் வாட்ச் அதிரும். அது மழை வந்தாலும் அதிரும், மெயில் வந்தாலும் அதிரும், நான் கண்டுகொள்வதில்லை.

சர்க்யூட் – புதன், இரவு 9:10

உங்கள் மனைவிக்கு எங்கள் கடையில் வேலை உண்டு என்று சொல்லுங்கள்.

இப்போது நம்ம ஊரில் விற்கும் வாட்சுகளில் பாதிக்கு மேல் பேசும் வாட்ச். உள்ளே ஒரு குட்டி ஸ்பீக்கர், ஒரு குட்டி மைக். போனின் கண்ணுக்கு அதுவும் ஒரு ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவி, உங்கள் காரும் ஒரு ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவி, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு பேர் வாசலில் நின்றால் பல போன்கள் கடைசியாக வந்தவருக்குத்தான் குரலைக் கொடுக்கும். உங்கள் காலை, மாலை மர்மமும் அதுதான் என்று நினைக்கிறேன். காலையில் வாட்சை எப்போது ஆன் செய்கிறீர்கள்?

தாம்பரம் பயணி – புதன், இரவு 9:22

ராத்திரி அணைத்துச் சார்ஜில் போடுவேன். காலையில் வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்து, கண்ணாடியில் பனி போகட்டும் என்று காத்திருக்கும்போதுதான் கட்டி ஆன் செய்வேன்.

ஓ.

சர்க்யூட் – புதன், இரவு 9:35

அதேதான். காலையில் கார் முதலில், வாட்ச் கடைசியில், குரல் வாட்சுக்கு. சாயங்காலம் வாட்ச் நாள் முழுக்கக் கையில், கார் கடைசியில், குரல் காருக்கு. திங்கள் ராத்திரி பார்க்கிங்கில் நன்றாக வேலை செய்ததும் இதனால்தான்.

வாட்சைத் தூக்கிப் போட வேண்டாம், மாமனார் சமாச்சாரம். இந்த வகை வாட்சுகள் பல ப்ளூடூத் பட்டியலில் இரண்டு பெயரில் வரும். ஒன்று அதன் ஆப் வழியாக நடை, இதயத்துடிப்பு, அறிவிப்பு எல்லாம் கொண்டுவருவது. இன்னொன்று, பெரும்பாலும் அதே பெயருக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டிக்கொண்டு இருப்பது, பேச்சுக்கு. பேச்சுக்கான பெயரை மட்டும் நீக்குங்கள், அல்லது அதன் பல்சக்கரத்தில் அழைப்பு ஸ்விட்சை அணையுங்கள். நடை எண்ணிக்கை அப்படியே இருக்கும். சில வாட்சுகளில் வாட்சின் உள்ளேயே கால் ஸ்விட்ச் ஒன்று உண்டு, அதை அணைத்தாலும் போதும்.

பழைய டீசல் – புதன், இரவு 9:41

பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் சரியாகியிருக்கும். பேட்டரியைக் கழற்ற வாட்சைக் கழற்றியிருப்பார் இல்லையா.

கூடுவாஞ்சேரி கேபிள் – புதன், இரவு 10:15

கேட்கட்டுமா? போனில் இருப்பதைக் கார் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவை நான் கேபிளில்தான் போடுகிறேன். கேபிள் இருக்கும்போது ப்ளூடூத் எதற்கு என்று அணைத்துவைப்பேன். படம், பாட்டு, வழி எல்லாம் வருகிறது, கால் மட்டும் போனிலேயே பேசுகிறது. இதுவும் வாட்ச் கேஸா?

சர்க்யூட் – புதன், இரவு 10:30

இல்லை, இது நீங்களே வைத்துக்கொண்ட கேஸ். ஆண்ட்ராய்டு ஆட்டோவில் கேபிள் போட்டாலும் பேச்சுக் குரல் மட்டும் ப்ளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ வழியாகத்தான் போகும். ஆன் செய்யுங்கள், முடிந்தது.

ஸ்கூல் டிராப் – வியாழன், காலை 11:05

என் கதைக்கும் முடிவு வந்துவிட்டது. மைக் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மூடியில், ஒரு அரிசி நீளத்துக்கு மூன்று கோடு. இத்தனை வருடம் ஓட்டுகிறேன், அது மைக் என்றே தெரியாது, ஏதோ அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தேன். நகத்தால் சுரண்டினேன். எதிரில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் நகத்தில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆயுத பூஜை! ஸ்டியரிங், மீட்டர், கியர் என்று எங்கள் மாமியார் ஒன்றையும் விடாமல் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தார். மற்ற இடத்தில் துடைத்துவிட்டேன். இங்கே கோட்டுக்குள் இறங்கிக் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கிறது. ஒரு மாதக் கணக்கும் சரியாகப் பொருந்துகிறது.

தண்ணீர் விடாமல் குழந்தைகளின் பழைய டூத் பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்து, மெல்லிய ஊசியால் கோட்டின் ஓரத்தை மட்டும் கிளறி, பொடியை வேக்கும் கிளீனரால் தூரத்திலிருந்து இழுத்தேன். பிறகு நகத்தால் சுரண்டியதும் வீட்டுக்காரர் "ஏய்!" என்று கத்தினார். அத்தனை இனிமையான கத்தலை நான் கேட்டதில்லை.

மாமியாரிடம் சொல்லவில்லை. அடுத்த வருடம் அந்த இடத்தில் ஒரு டேப் ஒட்டிவிடப் போகிறேன்.

சர்க்யூட் – வியாழன், பகல் 12:30

முப்பது வருடத்தில் கரப்பான், எறும்பு, டியோடரண்ட் பசை எல்லாம் பார்த்திருக்கிறேன். சந்தனம் முதல் தடவை. ஊசியை ஆழமாக விடாமல் இருந்தீர்களே, அதற்கு ஒரு சபாஷ். உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் மைக் மாற்றத்தான் வேண்டும்.

மேடவாக்கம் ஜங்ஷன் – வியாழன், மாலை 6:50

டவர் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஒரு கேள்வி மட்டும். அதே ஸ்பீக்கரில் பாட்டு தியேட்டர் மாதிரி வருகிறது, பேச்சு மட்டும் ஏன் பழைய ரேடியோ மாதிரி கரகரக்கிறது?

சர்க்யூட் – வியாழன், இரவு 9:00

அதுவும் இரண்டு பாதை விவகாரம்தான். பாட்டுக்கு அகலமான சாலை, ஒரு பக்கம் மட்டும் ஓடும். பேச்சு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், தாமதமும் ஆகக்கூடாது, அதனால் குறுகலான சந்து. பழைய ஹேண்ட்ஸ்ஃப்ரீ குரலை நொடிக்கு 8,000 தடவைதான் அளந்து அனுப்பும். 2011-இல் வந்த எச்எஃப்பி 1.6 பதிப்பில் அது 16,000 ஆனது. காரும் போனும் இரண்டும் புதியதைப் பேசினால்தான் அந்தத் தெளிவு கிடைக்கும், நெட்வொர்க்கும் ஒத்துழைக்க வேண்டும். ஒன்று பழசாக இருந்தாலும் 8,000-க்கு இறங்கிவிடும்.

மஞ்சள் போர்டு – வெள்ளி, காலை 5:20

தாம்பரம் சார் காரில் பழைய போன் நாலு இருந்தது என்று எழுதியிருந்தார். செகண்ட் ஹாண்டில் வண்டி விற்கிறவர்கள் அதைக் கண்டிப்பாகப் பாருங்கள். போன பொங்கலுக்கு நான் வாங்கிய வண்டியில் முன்னாள் ஓனரின் பெயர்ப் பட்டியல் முழுக்க இருந்தது. டாக்டர், சீட்டுக்காரர், பெண்ணின் ஸ்கூல் மிஸ், எல்லாம். நல்லவன் கையில் வந்தது, அழித்துவிட்டேன்.

வாடகை வண்டியில் போகிறவர்களும் பாட்டுக்காகப் போனைச் சேர்த்தால் இறங்கும்போது நீக்கிவிட்டு இறங்குங்கள். ஒரு சவாரி போனை நீக்க மறந்து ஒரு கல்யாண மண்டபத்தில் இறங்கிவிட்டார். அடுத்த சவாரியை ஏற்றிக்கொண்டு அதே மண்டப வாசலில் நிற்கும்போது உள்ளே இருந்த அவருக்குக் கால் வந்து என் ஸ்பீக்கரில் பேசியது. நகை அடகு விஷயம். வண்டியில் இருந்த எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம்.

தாம்பரம் பயணி – அடுத்த புதன், இரவு 9:05

ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். வாட்சின் வால் பெயரை நீக்கினேன். நடை எண்ணுகிறது, அதிர்கிறது, பேசுவதில்லை. ஐந்து வேலை நாள், காலையும் மாலையும், ஒரு தடவைகூட ஊமை இல்லை. போனை ஹோல்டரிலிருந்து எடுத்து நடுப்பெட்டிக்குள் போட்டுவிட்டேன், எல்லாம் ஸ்டியரிங் பொத்தானில்தான். செலவு சுழியம். சர்க்யூட் சாருக்கும் போர்டு அண்ணனுக்கும் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்திருந்தார். "வாட்ச்ல பேசிப் பாத்தீங்களா மாப்ளே, நல்லா கேக்குதா?" என்றார். "அம்மாவே பேசினாங்க மாமா" என்றேன்.

மந்தைவெளிக்காரன் – அடுத்த புதன், இரவு 10:40

என்னையும் மறந்துவிடாதீர்கள். பெயரை ஆங்கிலத்தில் மாற்ற மனம் வரவில்லை. எண் தெரியும் என்று சர்க்யூட் சார் சொன்னாரே, அதைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு எண் போட்டுவிட்டேன். 1 என்று வந்து ஐந்து பெட்டி வந்தால் அம்மா, 2 வந்தால் அப்பா. காரில் அருமையாக வேலை செய்கிறது.

நேற்று மனைவி என் போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அவள் 7. தம்பி 5. இதற்குத் தனி இழை திறக்கவா?